மெதவலக் கல்
மலையேறிய வரி: வரலாற்றுத் தொடர் – 9

சென்ற வாரம் புத்தளத்துக் கரையில் நின்றோம். ஆண்டு 1344. மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று திசைமாற்றி இலங்கைக் கரையில் கொண்டுவந்து விட்டது. கரையை நெருங்கவே மாலுமிகளுக்குப் பயம். இந்தத் துறை யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச்சக்கரவர்த்தியுடையது, அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிக்கும் என்றார்கள்.

பதூதா இறங்கினார். அரசரைப் பார்த்தார். பாரசீகம் புரிந்த அரசர். முன்னால் முத்துகள் குவிந்து கிடந்தன. என்ன வேண்டும் என்று கேட்ட அரசரிடம், ஆதாம் பாதம் பதித்த மலையைக் காணவேண்டும் என்றார் பதூதா. பல்லக்கு வந்தது. யோகிகள் சிலர், பிராமணர்கள் சிலர், சுமை தூக்க ஆட்கள், எல்லாரும் துணைக்கு வந்தார்கள்.

அந்தத் துணைதான் சென்ற வாரத்தின் கேள்வி. அந்த மலை, அதாவது சிவனொளிபாத மலை, ஆரியச்சக்கரவர்த்தியின் நாட்டில் இல்லை. போகும் வழியும் அவருடையது இல்லை. சிங்கள அரசர்களின் நாட்டுக்குள் தன் ஆட்களை இப்படிச் சாதாரணமாக அனுப்பிவைக்க யாழ்ப்பாணத்து அரசருக்கு எப்படி முடிந்தது?

பதில் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கண்டிச் சீமையில் ஒரு கல்லில் எழுதப்பட்டது.

* * *

கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்தைத் தாண்டி குருநாகல் பஸ்ஸில் ஏறினால், அது போகும் பாதைக்குப் பெயர் ஏ-10. கட்டுகஸ்தோட்டையில் தொடங்கி, குருநாகல் வழியாகப் புத்தளத்தில் முடியும். பதூதா கரையிறங்கிய பக்கத்தையும் கண்டி மலையையும் நேராகக் கோத்துப் போகிற தெரு. இன்றைக்குச் சில மணி நேரப் பயணம். அன்றைக்குப் பல நாள்.

கண்டியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் கலகெதர வந்துவிடும். 'கல' என்றால் பாறை, 'கெதர' என்றால் வீடு. தமிழ்க் காதுக்குப் பாதி விளங்கிவிடுகிற சிங்களப் பெயர். பஸ் கொஞ்சம் மூச்சுவிடும் இடம் அது. அதற்குப் பிறகு தெரு வளைந்து வளைந்து கீழே இறங்கி, தென்னந்தோட்டச் சமவெளிக்குப் போய்விடும்.

யன்னலோரம் இடம் கிடைத்தால் வலது, இடது இரண்டு பக்கமும் பாருங்கள். மேலே இருக்கும்வரை மலைத்தோட்டம்: பலாவில் ஏறிய மிளகுக்கொடி, கராம்பு, சாதிக்காய், இடையிடையே கித்துல், ஒல்லி ஒல்லியாகக் கமுகு. கீழே இறங்க இறங்கக் காற்றில் சூடு ஏறும், மரங்கள் மாறும், நெல்வயல் விரியும். இரண்டு நாடுகளுக்கு நடுவே கதவு ஒன்று இருந்தால் எங்கே இருக்கும் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும், இங்கேதான் என்று கைகாட்டும்.

கண்டி அரசர்களுக்கும் அது தெரியும். கலகெதரவிலும் பக்கத்துக் கிரிகாகமவிலும் காவற்கோட்டைகள் வைத்திருந்தார்கள். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் ஆங்கிலப்படை கண்டிக்கு ஏறியபோது, முதலில் பிடிக்கவேண்டியிருந்தது இந்த இரண்டையும்தான். பிடித்தது சுலபமாக, திரும்பியது வேறு கதை. அந்தக் கதைக்கு இந்தத் தொடர் வந்துசேர இன்னும் நானூறு ஆண்டுகள் இருக்கின்றன.

கலகெதரவில் இறங்கி ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கு முன்னால் சாக்கில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்ப் பெயர்களில் 'மடிகே' என்று ஒரு சொல் வருகிறதே (குருநாகல் பக்கத்து மடிகே மிதியாலவைப்போல), அது என்ன என்று கேட்டேன்.

"மாட்டுத் தவளம் ஓட்டின ஆக்கள்ட ஊர் தம்பி" என்றார். "எங்கட வாப்பாட வாப்பா சொல்லுவார். கீழேர்ந்து உப்பும் கருவாடும் வரும். இங்கேர்ந்து பாக்கும் மிளகும் போகும். ரோட்டு வந்த பொறகு மாடும் போச்சு, தவளமும் போச்சு."

சாக்கு மிளகைக் கையால் ஒருமுறை கிளறிவிட்டு வந்து, எனக்கு இன்னொரு தேநீர் ஊற்றினார்.

கண்டி இராச்சியத்தில் மடிகே என்பது ஓர் அரச திணைக்களம். பொதிமாடுகளின் திணைக்களம் என்று சொல்லலாம். அதில் பெரும்பாலும் முஸ்லிம்கள் வேலை செய்தார்கள். மலைக்குள் வரும் ஒவ்வொரு பொதியும் அந்தக் கணக்கில் விழும். நாம் இன்று பேசப்போகும் காலம் அதற்கும் முந்தியது. ஆனாலும் மாடு அதே மாடு, கணவாய் அதே கணவாய், உப்பும் அதே உப்பு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

1344-க்கு ஒருமுறை திரும்பிப் போய்வருவோம். பதூதா கரையிறங்கிய அதே ஆண்டில் மலைமேல் என்ன நடந்துகொண்டிருந்தது?

கட்டடம் நடந்துகொண்டிருந்தது. கம்பளையில் நான்காம் புவனேகபாகு அரசர். குருநாகலிலிருந்து தலைநகர் மலைக்கு ஏறி மூன்று, நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தச் சின்ன இராச்சியம், இன்றைக்கும் பார்ப்பவரை நிறுத்திவைக்கிற இரண்டு கோயில்களை ஒரே ஆண்டில் எழுப்பியது.

ஒன்று கடலாதெணிய. வெறும் பாறையின் முதுகில் கருங்கல்லால் கட்டியது. தூணையும் போதிகையையும் பார்த்தால், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்கு இது வீட்டுக்கோயில் மாதிரி இருக்கும். கட்டிய தலைமைச் சிற்பியின் பெயரைக் கேட்டால் ஆச்சரியம் குறைந்துவிடும்: கணேஸ்வராச்சாரி. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி தேரர். ஆந்திரத்து அமராவதியில் இடிந்துகிடந்த புத்தப் படிமவீட்டைப் புதுப்பித்ததாகத் தன் கல்வெட்டிலேயே சொல்லிக்கொண்டவர்.

இன்னொன்று லங்காதிலக. பன்ஹல்கல என்ற பாறைமேல் செங்கல்லால் எழுப்பிய வெள்ளைக் கோபுரம். கட்டுவித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர். சிற்பி ஸ்தபதி ராயர். நடுவில் புத்தர், சுற்றிவர வெளிப்பக்கத்து மாடங்களில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தன் எல்லாரும் குடியிருக்கிறார்கள். கிழக்கே புத்தரைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றி வந்தால் பிள்ளையார் வந்துவிடுவார்.

பாறையில் கல்வெட்டு இருக்கிறது. இரண்டு மொழியில். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழில் உள்ளதற்குச் சக ஆண்டு 1266 என்று கணக்கு. சிங்கள அமைச்சர் பௌத்த விகாரைக்குக் கொடுத்த தானத்தைத் தமிழிலும் வெட்டிவைத்தால், அதைத் தமிழில் வாசிக்க வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? சிற்பிகள் இருந்தார்கள். வணிகர்கள் வந்துபோனார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் கல்லைப் பார்க்கும்போது பலர் தலையில் கையை வைத்துக்கொள்கிறார்கள்: பௌத்த மலைநாட்டில் தமிழ் அரசன் பெயரா என்று. அந்தக் காலத்து மலைநாட்டுக்காரருக்கு அப்படி அதிர்ச்சி இருந்திருக்க நியாயமில்லை. தமிழ் அவர்கள் முற்றத்துப் பாறையில் ஏற்கெனவே ஏறியிருந்தது.

* * *

இப்போது அந்தக் கல்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஹாரிஸ்பத்துவப் பக்கம் போனால் மெதவல என்ற ஊர். (வத்தேகம வழியில் இருக்கும் மடவளை பஸாருடன் குழப்பிக்கொள்ளவேண்டாம். நான் ஒருமுறை குழப்பிக்கொண்டு, அரைநாளைத் தொலைத்திருக்கிறேன்.) மெதவலயில் ஒரு பழைய விகாரை. கல்வெட்டு அந்த இடத்தைச் சேர்ந்தது.

மொழி சிங்களம். எழுத்தும் சிங்களம். காலம், கம்பளையில் ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் மூன்றாவது ஆட்சியாண்டு. நம் கணக்கில் 1359.

தொடக்கத்தில் விக்கிரமபாகுவின் பெயர் வருகிறது. அது எதிர்பார்த்ததுதான். அவருடைய நாடு, அவருடைய ஆண்டு. பிறகு இன்னொரு பெயர் வருகிறது.

மார்த்தாண்டம் பெருமாளுன் வஹன்சே.

இதை மெல்ல வாசியுங்கள். 'மார்த்தாண்டம் பெருமாள்', முழுத் தமிழ்ப் பெயர். அதன் வாலில் 'உன் வஹன்சே', முழுச் சிங்கள மரியாதை. சிங்களத்தில் இந்த ஒட்டு எல்லாருக்கும் வராது. புத்தரைச் சொல்லும்போது 'புதுன் வஹன்சே' என்பார்கள். பிக்குவைச் சொல்லும்போது வரும். அரசருக்கு வரும். எதிரிக்கும் கொள்ளைக்காரனுக்கும் வராது.

கல்லில் உளி பிடித்தவர் ஹாரிஸ்பத்துவக்காரராக இருக்கவேண்டும். தன் அரசரின் ஆட்சியாண்டை மேலே போட்டுவிட்டு, வடக்கிலிருக்கும் ஒருவரின் பெயரை எழுதுகிறார். எழுதும்போது தன் மொழியில் இருக்கும் மிக உயர்ந்த மரியாதையை அந்தப் பெயருக்குப் பின்னால் வைக்கிறார்.

அடுத்து வருவது விவகாரம். சிந்துருவான, பலவிட்ட, மாத்தளை, தும்பறை, சகமதுன்ரட்ட: கம்பளைக்கு உரிய மலைநாட்டுப் பிரிவுகள். மாத்தளையும் தும்பறையும் இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. அந்தப் பிரிவுகளில் வரி வாங்கப் பிராமணர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மார்த்தாண்டம் பெருமாளின் ஏற்பாட்டில்.

பதூதாவுடன் பல்லக்கோடு நடந்த பிராமணர்கள் நினைவிருக்கிறதா? பதினைந்து ஆண்டுகளில் வழித்துணைப் பிராமணர் வரிக்கணக்குப் பிராமணர் ஆகிவிட்டார்.

* * *

யார் இந்த மார்த்தாண்டம் பெருமாள்?

யாழ்ப்பாண வைபவமாலையின் அரச வரிசையில் ஒரு மார்த்தாண்ட சிங்கையாரியன் இருக்கிறார். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கல்வெட்டுக்காரரையும் அவரையும் ஒருவராகவே கொள்கிறார்கள். நல்லூருக்கு முந்திய சிங்கைநகர் அரசர்கள், பரராசசேகரன், செகராசசேகரன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டவர்கள். தங்களை இராமேசுவரத்துப் பிராமணக் குலத்திலிருந்து வந்தவர்களாகச் சொல்லிக்கொண்டவர்கள். சேது காவலர்.

அவர்களுடைய காசு ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி. அதன் கீழ் இரண்டே தமிழ் எழுத்து: 'சேது'. அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. அந்த ஒரு சொல் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இந்த வம்சத்தின் எழுச்சியைப் பற்றி இந்தத் தொடரின் முதற்பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம். பாண்டியன் குலசேகரனுக்காக ஓர் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவ மீது படையெடுத்து, தந்ததாதுவைப் பாண்டிநாட்டுக்குக் கொண்டுபோனது 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிறகு மாலிக் கபூர் வந்தார், 1311-இல் மதுரை ஆட்டங்கண்டது. பாண்டியனின் நிழலில் இருந்த படைத்தலைவர் குடும்பம் வடக்கே தனி அரசாக நின்றது. நிழல் கொடுத்த மரம் விழுந்த பிறகு அதன்கீழ் நின்றவர் தாமே மரமானார்.

அதே காலத்தில் சிங்களத் தலைநகர் நடந்துகொண்டே இருந்தது. தம்பதெனிய, யாப்பகுவ, குருநாகல், கம்பளை. ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு. ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரமாக. மலைக்குள் போனால் படை வராது. ஆனால் மலைக்குள் போனவருக்குக் கடல் போய்விடும்.

* * *

இங்கேதான் கலகெதரத் தேநீர்க்கடைக்காரர் சொன்ன சாமான் பட்டியலுக்குத் திரும்பவேண்டும். உப்பு.

மலைநாட்டில் நெல் விளையும். குரக்கன் விளையும். கித்துலில் கருப்பட்டி காய்ச்சலாம், பலாக்காயை அவித்துத் தின்னலாம். உடுக்கப் பருத்தி உண்டு. உப்பு மட்டும் விளையாது. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒவ்வொரு நாளும் வேண்டிய அந்த ஒன்று, புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்புவயலில் வெயில் காய்ச்சித் தருவது. அங்கிருந்து மாட்டின் முதுகில் ஏறிச் சமவெளியைக் கடந்து, கலகெதர போன்ற கணவாய்களில் மூச்சுவாங்கி மேலே வரவேண்டும்.

உப்பை மலைவாசிகள் எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்தார்கள் என்பதற்கு, நான்கு நூற்றாண்டுகள் பிந்திய சாட்சி ஒன்று. 1765-இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து நாசம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கீர்த்தி சிறி இராசசிங்கனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் தீவின் கரை முழுவதையும் தங்களுக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அத்தனையையும் இழந்த கண்டி அரசருக்கு அதில் கிடைத்த ஆறுதல்களில் ஒன்று, அவருடைய குடிகள் புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பு அள்ளிக்கொண்டு போகலாம் என்பது.

தோற்ற அரசர் கேட்டுப் பெறுகிற பொருள் உப்பு என்றால், அந்த உப்பு வரும் துறையைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு கேட்கலாம்?

1344-இல் புத்தளத்துத் துறை ஆரியச்சக்கரவர்த்தி கையில் இருந்ததைப் பதூதா கண்ணால் பார்த்திருக்கிறார். 1359-இல் மலைப்பிரிவுகளில் அவர் வம்சத்தின் வரி ஆட்கள் இருந்ததை மெதவலக் கல் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே படையெடுப்பு ஒன்றைக் கற்பனை செய்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. என் வாசிப்பு இது: துறையை வைத்திருந்தவர் பாதையில் பங்கு கேட்டார். பாதையில் பங்கு வாங்கியவர், அதை மேலே போய் வாங்கக் கணக்குத் தெரிந்த ஆட்களை அனுப்பினார். கம்பளை அரசர் அதற்குத் தலையசைத்தார். தலையசைத்ததைக் கல்லில் போட்டார்கள், பின்னால் யாரும் வாய் மாற்றக்கூடாது என்பதற்காக.

எல்லாரும் இப்படி வாசிப்பதில்லை. யாழ்ப்பாணத்து மேலாதிக்கத்தின் முத்திரை என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. கோட்டகமையில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டைத் துணைக்கு அழைப்பார்கள். சிங்கையாரியனின் வெற்றியைச் செய்யுளில் பாடும் கல் அது, அதன் காலத்தைப் பற்றித்தான் இழுபறி. மறுபக்கத்தில், இதைச் சிங்கள அரசின் தற்காலிகச் சங்கடம் என்று ஒரே வரியில் தாண்டிப்போகிறவர்கள் உண்டு. கோட்ரிங்டன் 1933-இல் கம்பளைக் காலத்தைப் பற்றி எழுதியதிலிருந்து பேராசிரியர் பத்மநாதனின் யாழ்ப்பாண இராச்சிய ஆய்வுவரை, பொறுமையாக எழுதியவர்கள் கல்லை வாசித்தார்கள். மற்றவர்கள் அதைக் கொடியாகப் பிடித்தார்கள்.

கோட்டகமக் கல் வெற்றியைப் பாடுகிறது. தோற்றவரின் வீட்டுப் பெண்கள் அழுததை அழகாகச் சொல்கிறது. மெதவலக் கல்லில் அழுகை இல்லை, வீரம் இல்லை. இடப்பெயர், ஆட்பெயர், யார் எங்கே வாங்குவது. அதன் மொழி கணக்கப்பிள்ளையின் மொழி. வென்றவன் தன் மொழியில் வெட்டுவான். இந்தக் கல்லோ உள்ளூர் மொழியில், உள்ளூர் அரசனின் ஆட்சியாண்டில், உள்ளூர் விகாரையில் இருக்கிறது. அந்த வட்டாரத்துக் குடியானவர் கண்ணில் படவேண்டும், பட்டவர் வரிக்காரரைத் தடுக்கக்கூடாது.

விகாரையை ஏன் தேர்ந்தார்கள்? இந்தக் கேள்வியை நான் மற்றவற்றைவிட அதிகம் யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்து மலைக்கிராமத்தில் சந்தை அடிக்கடி கூடாது, கச்சேரி கிடையாது. போயா தினத்தில் எல்லாரும் வந்துசேரும் ஒரே முற்றம் விகாரை. வாசிக்கத் தெரிந்த ஒருவர், பிக்கு, அங்கே எப்போதும் இருப்பார். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் வாசித்துச் சொல்வார். அதைவிட, புத்தர் முன்னால் நிற்கும் கல்லைப் பெயர்த்துப் போட எவருக்கும் கை வராது. பிராமணர் வரி வாங்குவதற்குப் புத்தர் சாட்சி. 1359-இல் அது யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

* * *

மெதவலவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கல்லுக்காகப் போவதில்லை. அங்கே இருக்கும் தம்பித்த விகாரைக்காகப் போகிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய கற்கால்கள்மேல், மரத்தாலும் மண்ணாலும் கட்டிய சின்னப் படிமவீடு. கறையான் ஏறாது, ஈரம் ஏறாது. எங்கள் பக்கத்து நெற்களஞ்சியத்தைக் கால்வைத்துக் கட்டுவார்களே, அந்த யோசனைதான். உள்ளே நெல்லுக்குப் பதில் புத்தர். சுவர் முழுக்கக் கண்டிப் பாணி ஓவியங்கள்: செம்மண் சிவப்புப் பின்புலம், பக்கவாட்டில் நடந்துபோகும் உருவங்கள், இடைவெளி கிடைத்த இடமெல்லாம் பூ.

அதைக் கட்டுவித்தவர் கீர்த்தி சிறி இராசசிங்கன். ஆண்டு 1755. சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதையை, பிக்குகளின் உயர்தீட்சையை, திரும்பத் தொடங்கிவைத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். மலைநாடெங்கும் பழைய விகாரைகளைத் தேடித் தேடிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

அவர் யார் என்பது தெரிந்ததே. மதுரை நாயக்கர் குடும்பத்தவர். தமிழ் பேசிய வீட்டில் பிறந்து கண்டி அரியணைக்கு வந்தவர். மார்த்தாண்டம் பெருமாளின் வரி ஆட்கள் நடந்த முற்றத்தில், சுமார் நானூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு தமிழ் வாய் பௌத்தக் கோயில் கட்ட ஆணையிடுகிறது. ஒருவர் வாங்க வந்தார், மற்றவர் கொடுத்தார். இருவரையும் 'வஹன்சே' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். காலையில் போங்கள். படிமவீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. பகல் ஏறினால் வாசலில் கண் கூசும், உள்ளே ஒன்றும் தெரியாது. வெள்ளை உடுத்தால் நல்லது, செருப்பைக் கழற்றவேண்டும், புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது. திரும்பும்போது கலகெதரவரை போய், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி வளைவுகளில் கொஞ்சத் தூரம் நடந்து பாருங்கள். மாலையில் பனி மேலேறும். கீழே குருநாகல் பக்கத்துப் பாறைகள் ஒவ்வொன்றாக மங்கும். பொதிமாட்டின் கழுத்துமணி அந்தச் சரிவில் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பின்னால் வந்த லொறிக்காரர் ஹோன் அடித்து ஓரத்துக்கு அனுப்பிவிட்டார்.

* * *

ஏற்பாடு எவ்வளவு காலம் நடந்தது?

இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல், பின்னாளில் எழுதப்பட்டதுதான் என்றாலும், இந்தக் காலத்தை மறைக்காமல் சொல்கிறது: மலைநாட்டிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் துறைகளிலிருந்தும் ஆரியச்சக்கரவர்த்திக்குத் திறை போயிற்று. மெதவலக் கல் காட்டுவது மலைப்பங்கு. மேற்குக் கரையில் கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களில் அவருடைய ஆட்கள் நிலைகொண்டிருந்தார்கள். அதை, 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட நிகாய சங்கிரகய சொல்கிறது.

கம்பளையில் விக்கிரமபாகு பொறுத்துக்கொண்டார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அவருடைய அவையில் ஒருவர் இருந்தார். பொறுக்கப் பிறந்தவராகத் தெரியவில்லை.

அவர் சிங்களக் குலத்தவரும் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து, வணிகத்தில் வளர்ந்து, அரச குடும்பத்தில் பெண்கொடுத்துப் பெண்ணெடுத்து, அமைச்சரான குடும்பம். பெயரைப் பாருங்கள்: அழகக்கோனார். நிஸ்ஸங்க அழகக்கோனார். சிங்கள நூல்களில் அழகேஸ்வர.

மலைமேல் மெதவலக் கல் நின்றுகொண்டிருக்கையிலேயே, கீழே களனி கங்கைக்குத் தெற்கே சதுப்புக்கு நடுவில் அவர் ஒரு கோட்டைக்கு அகழி வெட்டத் தொடங்கினார். சாமான் சேர்த்தார். ஆள் சேர்த்தார். சுவர் எழுந்தது. பின்னாளில் அந்த இடத்துக்குப் பெயர் கோட்டே.

உள்ளே போதுமான நெல்லும் உப்பும் சேர்ந்துவிட்டதா என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தார். சேர்ந்திருந்தது. பிறகு ஓர் ஆணை போட்டார்: ஆரியச்சக்கரவர்த்தியின் வரிக்காரர்களைப் பிடித்துத் தூக்கில் போடுங்கள்.

செய்தி வடக்கே போய்ச்சேர அதிக நாள் ஆகியிருக்காது. சிங்கைநகரிலிருந்து படை இரண்டாகப் பிரிந்து புறப்பட்டது. ஒன்று கடல்வழியாக மேற்குக் கரைக்கு. மற்றது தரைவழியாக, மாத்தளைப் பக்கம், மலையை நோக்கி.

கோட்டேயில் அழகக்கோனாருக்குச் சுவர் இருந்தது. மலையில் இருந்த அரசருக்கு என்ன இருந்தது?

(அடுத்த வாரம்)